அக்கா ஒன்றும் கடிகாரம் இல்லை

ஆரணி
11-8-2024

மருமகள் துர்காவுக்குத் தாய்மாமன் துரைக்கண்ணு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உன் கட்டுரையைப் படித்ததிலிருந்து எனக்கு மார் எரிகிறது. உன் அத்தை பரிமளா மோரில் பெருங்காயம் கலக்கிக் கொடுத்தும் அடங்கவில்லை. ஆகவே நான் சுகமில்லை. ஐதராபாத்தில் நீ சுகமாகத்தான் இருப்பாய். பெற்றவளைப் பற்றி அப்படி எழுதிவிட்டுச் சுகமாக இருக்கத் தனித் தைரியம் வேண்டும்.

“போன்ல பேசுனா நாளைக்கே மாத்திப் பேசுவீங்க மாமா, எதா இருந்தாலும் எழுதி அனுப்புங்க” என்று சொல்லி என் நம்பரையும் தடுத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன்தானே என்று நினைக்காதே. எட்டாவதிலேயே ஹெட்மாஸ்டர் என் தோளில் கை போட்டு, “உனக்குச் சொல்லித்தர இனிமே எங்ககிட்ட ஒன்னும் இல்லப்பா” என்று அனுப்பிவைத்தார்.

அச்சகம் சுப்பராயலுதான் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தான். மனசு என்றால் என்ன, நினைப்பு என்றால் என்ன என்று உலகத்தில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் சரித்திரமாக எழுதியிருக்கிறாய். எழுது, நல்லது. நடுவில் பிரெஞ்சு தேசத்தான் ஒருவன் வருகிறான். மிருகமெல்லாம் சாவி கொடுத்த கடிகாரம், பேசுவதில்லை, ஆகவே அதற்கு மனசில்லை என்றானாம். அவன் சிஷ்யர்கள் நாயை அடித்துவிட்டு, அது கத்துவது சக்கரம் கிறீச்சிடுவது போலத்தான் என்றார்களாம். நாற்பது வருஷமாக மாட்டுத்தரகு செய்கிறவன் நான். விற்றுப்போன மாடு, சந்தைக் கூட்டத்தில் பழைய சொந்தக்காரனைக் கண்டு கத்துவதைக் கேட்டவன். அந்த ஆள் மட்டும் பெரணமல்லூர்ச் சந்தைப் பக்கம் வந்திருந்தால் கொம்பே பதில் சொல்லியிருக்கும்.

அதுவும் போகட்டும். அடுத்த பாராவில் என் அக்கா வருகிறாள். ‘பக்கவாதம் என் தாயின் பேச்சை எடுத்துக்கொண்டது. கண் திறந்திருக்கிறது. உள்ளே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.’ பேசாத மாடு கடிகாரம், பேசாத என் அக்கா சாவித்திரியும் கடிகாரம். அப்படித்தானே?

உள்ளே இருக்கிறாள். நேற்று என்னோடு நான்கு மணி நேரம் பேசினாள். எப்படி என்கிறாயா, துண்டில். சந்தையில் நாங்கள் கையைத் துண்டால் மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விரலை அழுத்தினால் சம்மதம். கையை உருவிக்கொண்டால் வியாபாரம் இல்லை, நடையைக் கட்டு. உன் தாத்தாவிடம் நானும் அக்காவும் சேர்ந்து கற்றது. வலது பக்கம் விழுந்துவிட்டாலும் இடது கை அவளுக்கு வைரம் மாதிரி இருக்கிறது. அரிசி மில் புகை, உன் தலைமுடி, மத்திய சர்க்கார் எல்லாவற்றையும் பற்றிப் பேசினாள்.

பொங்கல் கழித்து, என் வீட்டில் இருக்கிறவளை வேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு காப்பகத்தில் சேர்க்கப் போகிறாயாமே. விடமாட்டேன்.

கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் உடம்பைப் பார்த்துக்கொள்.

துரைக்கண்ணு


ஐதராபாத்
24-8-2024

மாமாவுக்கு,

நலம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் மார் எரிச்சலுக்கு வெற்றிலையைக் குறையுங்கள். என் கட்டுரை காரணமில்லை.

அம்மாவால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. உங்களோடு நான்கு மணி நேரம் மத்திய சர்க்காரைப் பற்றிப் பேசினாளாம். உங்களை எதில் நம்புவது மாமா? அப்பா இறந்தபோது ஆரணிக் கடைத்தெருவே அடைத்தது என்று இன்றைக்கும் சொல்கிறீர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தாத்தா ஜாகீர்தாருக்கு யானை விற்றார் என்றீர்கள். தாத்தா தரகுக்கு வந்தபோது ஜாகீரே இல்லை.

அந்த பிரெஞ்சுக்காரரை நான் கொண்டாடவில்லை. சொல்லும் சிந்தனையும் ஒன்று என்பது அவருக்கு வெகுகாலம் முன்பே நம் இலக்கணக்காரர்கள் சொன்னதுதான். சொல் கலக்காத அறிவே கிடையாது என்றார்கள். அம்மாவிடம் மிஞ்சியிருப்பது ‘தத்தா’ என்ற ஒரே ஒலி. பசித்தாலும் தத்தா, வலித்தாலும் தத்தா, நான் எதிரே வந்து நின்றாலும் தத்தா. அந்த ஒலிக்குள் நான் அவளைத் தேடாத நாளில்லை. கிடைக்கவில்லை என்று எழுதும் உரிமை எனக்கு உண்டு.

உங்கள் துண்டுக்கு ஒரு பதில். நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் ஒரு குதிரை குளம்பால் தட்டிக் கணக்குப் போட்டது. ஊரே வியந்தது. கடைசியில், கேட்கிறவர் முகம் மாறுவதைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். கேட்டவர் பொய்யர் இல்லை. தானே விடையைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. துண்டுக்கடியில் உங்கள் விரல் அழுத்துகிறது. அவள் அழுத்தியதாக உங்களுக்குத் தோன்றுகிறது. அம்மாவை பொம்மையாக்கி நீங்கள் பேசுகிறீர்கள். அதைவிடக் காப்பகம் மரியாதையானது.

அம்மாவுக்கு மாத்திரை நேரம் தவற வேண்டாம்.

துர்கா


ஆரணி
5-9-2024

மருமகளுக்கு,

நீ நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அத்தை முழங்காலுக்கு நானே ஒரு தைலம் காய்ச்சிக் கொடுத்தேன். இப்போது ஓடுகிறாள்.

அந்தக் குதிரை கணக்குப் போடவில்லை, மனுசன் முகத்தைத்தான் படித்தது என்கிறாய். அடிப் பாவி, முகத்தைப் படிப்பது கணக்கைவிட லேசா? உன் யுனிவர்சிட்டியில் எத்தனை புரொபசருக்கு அது வரும்? அந்தக் குதிரை என் கைக்கு வந்திருந்தால் நான் விற்றிருக்கவே மாட்டேன்.

உன் கட்டுரையில் எனக்குப் பிடித்தவர்கள் உலோகாயதர்கள். வெற்றிலையில் சிவப்பில்லை, பாக்கில் சிவப்பில்லை, சுண்ணாம்பில் சிவப்பில்லை, சேர்த்து மென்றால் சிவக்கிறது. அதுபோல மண்ணும் நீரும் தீயும் காற்றும் சேர்ந்த உடம்பில் மனசு உண்டாகிறது என்றார்களாமே. வாயில் போட்டு மென்றே நிரூபிக்கலாம், என்ன ஒரு சாஸ்திரம்! பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதை நான் விளக்கினேன். அறுபது பேர் கூடிவிட்டார்கள். போளூர் பஸ் டிரைவர் வண்டியை ஆஃப் செய்துவிட்டு இறங்கி வந்தான்.

அந்தக் கூட்டத்தில் பட்டுக்கடை இளஞ்செழியன் எழுந்து, “ஏன் தரகரே, அப்போ உங்க அக்காவுக்கு சுண்ணாம்பு மட்டும் கம்மியாப் போச்சா?” என்றான். எல்லோரும் சிரித்துகினு இருந்தார்கள். அவனை அடித்தேன். அடித்தேன் என்றால், ஓங்கினேன். அவன் அப்படிப் பேசியதற்கு யார் காரணம்? அவன் கையிலும் அதே பத்திரிகை.

வீட்டுக்கு வந்து அக்கா கையைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். “விடு தம்பி, அவன் கடைப் பட்டு ரெண்டு துவைப்புக்குத் தாங்காது” என்றாள். வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

துரைக்கண்ணு


ஐதராபாத்
28-9-2024

மாமாவுக்கு,

நலமே. அத்தை ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். படியேற முடியவில்லை என்று அத்தையே எனக்கு போனில் சொன்னார்.

அழுத்தினால் சரி, உருவினால் இல்லை. இந்த இரண்டே குறியில் ‘ரெண்டு துவைப்புக்குத் தாங்காது’ என்று அம்மா எப்படிச் சொன்னாள்? நீங்கள் எழுத எழுத எனக்குக் கோபம் வரவில்லை, அருவருப்பாக இருக்கிறது. பேச முடியாத ஒருத்தி மறுக்கவும் முடியாது என்பதால்தானே இவ்வளவும்?

ஒரு சோதனை வைப்போம். இதனுடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அது அத்தைக்கு மட்டும். நான் படிக்கக் கிளம்பிய வருடம் படவேடு கோயிலில் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை நடந்தது. எதற்கு என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். உறைக்குள் மூன்று காரணம் எழுதியிருக்கிறேன். ஒன்றுதான் உண்மை. எது என்று அத்தைக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகச் சொல்லி அம்மாவின் விரலைப் பிடிக்கட்டும். எதற்கு அழுத்தினாள் என்று எழுதட்டும். அந்த நேரம் நீங்கள் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

அம்மா சரியாகச் சொல்லிவிட்டால் கட்டுரையை வாபஸ் வாங்குகிறேன், காப்பகமும் இல்லை. சொல்லாவிட்டால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

அம்மாவின் இடுப்பில் புண் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துர்கா


ஆரணி
13-10-2024

அன்புள்ள துர்காவுக்கு அத்தை பரிமளா எழுதிக்கொள்வது.

இங்கு அண்ணிக்கு உடம்பு தேவலை. நீ அங்கே வெறும் பிரட்டைத் தின்றுகொண்டு இருக்காதே.

நீ சொன்னபடி உன் மாமாவை ரேணுகாம்பாளுக்கு ஒரு விளக்குப் போட்டு வரச் சொல்லிப் படவேட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து திரும்ப பஸ் லேசில் கிடைக்காது. பிறகு அண்ணியைச் சாய்த்து உட்காரவைத்துத் துண்டைப் போட்டேன். “அண்ணி, துர்கா எழுதிக் கேக்குறா. உங்களுக்கு மனசுன்னு ஒன்னு இருக்குதா இல்லையான்னு பாக்கணுமாம். நான் மூணு சொல்றேன், சரியானதுக்கு விரல அழுத்துங்க” என்று பக்குவமாகத்தான் சொன்னேன்.

முதல் காரணத்தைப் படிக்கும் முன்பே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மறுபடி பிடித்தேன், மறுபடியும் இழுத்துக்கொண்டார். துண்டை எடுத்து என் முகத்திலேயே வீசினார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சி கொடுத்தும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே மூன்றில் எதற்கும் அழுத்தவில்லை. உள்ளது இதுதான்.

உன் மாமா ராத்திரிதான் வந்து சேர்ந்தார். காலில் கொப்புளம்.

அத்தை


ஐதராபாத்
30-10-2024

மாமாவுக்கு,

தீபாவளிக்கு நான் வரவில்லை. எல்லோரும் நலமாக இருங்கள்.

அத்தையின் கடிதம் கிடைத்தது. அம்மா எந்த விடையும் சொல்லவில்லை. சோதனை தோற்றது. சந்தோஷப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தபால்காரர் வரும்வரை தினமும் கீழே இறங்கி நின்றவள் நான்.

காப்பகத்தில் தை கடைசியில் இடம் உறுதியாகிவிட்டது. வண்டி அவர்களே அனுப்புவார்கள். நீங்கள் ஒப்புக்கொண்டபடி இனி இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

துர்கா


ஆரணி
4-11-2024

துர்காவுக்கு,

சுகம் கேட்கிற பழக்கத்தை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். நானா ஒப்புக்கொண்டேன்? நீயே எழுதினாய், நீயே கையெழுத்துப் போட்டாய்.

சோதனை தோற்றதாம். கடிதத்தை மறுபடி படி. “உங்களுக்கு மனசு இருக்குதான்னு பாக்கணுமாம்” என்று உன் அத்தை அவள் மூஞ்சிக்கு எதிரேயே சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் கையை இழுத்தாள். அதைக் கேட்டுத்தான் துண்டை வீசினாள். உன்னை ஒருவன் நடுத்தெருவில் நிறுத்தி, “ஏம்மா, உனக்கு மூளை இருக்குதா? மூணு கேள்வி கேக்கறேன், சொல்லு பாப்போம்” என்றால் நீ உட்கார்ந்து பதில் சொல்வாயா, செருப்பைக் கழற்றுவாயா?

துண்டுக்குள்ளிருந்து கையை உருவினால் வியாபாரம் இல்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். அவள் பதில் சொல்லாமல் இல்லை. உன்னோடு வியாபாரம் இல்லை என்று சொன்னாள்.

புகையைப் பார்த்து நெருப்பு உண்டு என்று தெரிந்துகொள்வதுபோல அடுத்தவன் செய்கையைப் பார்த்து மனசு உண்டு என்று தெரிந்துகொள்கிறோம் என நியாய சாஸ்திரக்காரர்கள் சொன்னதாக நீயே எழுதினாய். இங்கே வீடே பற்றி எரிகிறது, நீ புகை வரவில்லை என்று எழுதிகினு இருக்கிறாய். கடிகாரம் கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்குமா? கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடுமா?

இந்த வாதத்தை நான் வக்கீல் ஒருவரிடம் சொன்னேன். ஆடிப்போய்விட்டார். “துரைக்கண்ணு, நீங்க கோர்ட்டுக்கு வந்திருந்தா நாங்கள்லாம் மூட்டை கட்டியிருப்போம்” என்றார்.

அக்காவும் முடிவாகச் சொல்லிவிட்டாள்: “என் தம்பி வீடுதான் எனக்கு வீடு, இந்த ஆரணி மண்ணை விட்டு நான் வரமாட்டேன்.” எழுதி வைத்துக்கொள்.

துரைக்கண்ணு


ஐதராபாத்
2-12-2024

மாமாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தைக்கு வலி மாத்திரை வாங்கி அனுப்பியிருக்கிறேன், தைலத்தை நிறுத்துங்கள்.

அம்மா கையை இழுத்ததை விடை இல்லை என்று கணக்கில் வைத்தது என் பிழை. உங்கள் வாதத்தை உடைக்க நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்தேன், உடையவில்லை. இதை டீக்கடையில் சொல்ல வேண்டாம். சொல்வீர்கள்.

ஆனால் கடைசியில் ஆரணி மண் என்று ஒரு வசனம் வைத்தீர்களே, அது அம்மா இல்லை, நீங்கள். உங்கள் கதைகளில் வக்கீல் ஆடிப்போகிறார், பஸ் நின்றுபோகிறது, அம்மா உங்களையே புகழ்கிறாள். எல்லாக் கதையிலும் நீங்களே ஜெயிக்கிறீர்கள். அம்மாவுக்கு மனசு இருக்கிறது என்று சண்டை போடுகிறவர், அந்த மனசில் உங்கள் பேச்சைத் தவிர வேறு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

இத்தனை கடிதம் எழுதினீர்கள். மத்திய சர்க்கார், அரிசி மில், என் முடி பற்றியெல்லாம் அம்மாவிடம் கேட்டீர்கள். எங்கே இருக்க ஆசை என்று அவளை ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால், என்ன செய்தாள்? அழுத்தினாளா, உருவினாளா? ஒரு வரி போதும். அதற்கு மேல் ஒரு எழுத்து இருந்தாலும் கிழித்துப் போட்டுவிட்டுக் காப்பகத்துக்கு போன் செய்வேன்.

அம்மாவுக்குக் குளிர் தாங்காது. கம்பளியை எடுத்துக் கொடுங்கள்.

துர்கா


ஆரணி
9-1-2025

துர்காவுக்கு,

கேட்டேன். இங்கேயே இருக்கிறாயா என்றேன். கையை உருவிக்கொண்டாள். காப்பகத்துக்குப் போகிறாயா என்றேன். உருவிக்கொண்டாள். துர்காவிடம் போகிறாயா என்றேன். அழுத்தினாள். பரிமளா சோற்றைப் போட்டுவிட்டு வந்து கூப்பிடும்வரை என் விரலை விடவில்லை.

கம்பளி போர்த்தியிருக்கிறது.

துரைக்கண்ணு


ஐதராபாத்
20-1-2025

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நம்புகிறேன். நீங்கள் எழுதியதில் நீங்கள் தோற்றுப்போன முதல் கடிதம் இது. அதனால் நம்புகிறேன். நம்புவதால்தான் இத்தனை ஆத்திரம்.

நீங்கள் கேட்டது மூன்று. மூன்றாவதை நான் கேட்கச் சொல்லவில்லையே. அது என் பட்டியலிலேயே இல்லை. என் விடுதி அறை மூன்றாவது மாடி. ஒரு கட்டில். காலை எட்டுக்குப் போனால் இருட்டியபின் வருகிறேன். ஆராய்ச்சியை முடிக்க இன்னும் ஒரு வருடமாவது வேண்டும். உள்ளே யாருமில்லை என்றால் எங்கே படுக்கவைத்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். இதை நான் படித்துக் கண்டுபிடித்தேனா, எனக்கு வேண்டியிருந்ததால் எழுதினேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்க வைத்ததற்காக உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

யானைக்குப் பொய் சொன்னீர்கள். கடையடைப்புக்குப் பொய் சொன்னீர்கள். முழங்காலுக்குக்கூடப் பொய் சொன்னீர்கள். ‘இங்கேதான் இருப்பேன் என்று அழுத்தினாள்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் ஆசையும் நிறைவேறியிருக்கும், நானும் தூங்கியிருப்பேன். வாழ்க்கையில் அவசியமான ஒரே பொய் அதுதான். அதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

காப்பகத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரைத்தளத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாசி பிறந்ததும் வருகிறேன். சந்தோஷமாக வரவில்லை. அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். எல்லாம் புரிகிறதென்றால் இதுவும் புரியட்டும்.

துர்கா


ஆரணி
27-1-2025

மருமகள் துர்காவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அக்கா சுகம். அத்தை உன் மாத்திரையைத்தான் போடுகிறாள், பேர் மட்டும் என் தைலத்துக்கு. நான் மலை மாதிரி இருக்கிறேன்.

நீ பெரிய புரொபசராகிவிட்டாய், பங்களா எடுத்திருக்கிறாய், தாயை அழைத்துப்போகக் காரில் வருகிறாய் என்று தெருவில் சொல்லியாயிற்று. இளஞ்செழியனிடம் இரண்டு தடவை சொன்னேன். ஆகவே வருகிற கார் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். வீடு காலியாவதைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் பரிமளா அரிசி மூட்டை வைத்துக்கொள்வாள்.

ஏன் பொய் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். சொல்லவில்லை என்று யார் சொன்னது? டிசம்பர் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். என் வாழ்நாளில் அப்படி ஒன்று எழுதியதில்லை. ஆரணியை விட்டால் எனக்கு உயிரே இல்லை, தம்பி கையால் ஒரு வாய் கஞ்சி போதும் என்று அக்கா சொல்வதாக வரும். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நீ படித்திருந்தால் விழுந்து புரண்டு அழுதிருப்பாய்.

தபாலில் போடும் முன்பு ஒரு பெருமைக்கு அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் கையை நீட்டினாள். பாராட்டத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தேன். பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு இடது கையால் கிழித்தாள். “அக்கா, அக்கா, ஒரு மாசம் எழுதினது” என்று கத்தினேன். மீதிப் பக்கத்துக்கும் கையை நீட்டினாள். மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே, உன் தாத்தா சந்தையில் கெட்ட சுழியை மறைத்து விற்க வந்த மாட்டைக் கண்டுபிடித்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. கொடுத்துவிட்டேன். நாலையும் கிழித்தாள். ‘தத்தா’ என்றாள். அது என்ன வசவு என்று உனக்கு நான் எழுத முடியாது.

பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினாள். எழுதி முடிக்கும் வரை பார்த்துகினே இருந்தாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்கு வந்தது அந்தக் கடிதம்தான்.

இதுவும் புளுகு என்பாய். நம்ப வேண்டாம். வரும்போது நேரே அவள் எதிரில் போய் உட்கார்ந்து, சந்தோஷமாகத்தான் வந்தேன் அம்மா என்று ஒரு பொய் சொல்லிப் பார்.

துரைக்கண்ணு